கசெற் பெட்டியை எறிய மனம் வரவில்லை

அன்புள்ள மகனுக்கு,

"அந்தக் கசெற் பெட்டியை எறியுங்கோ அம்மா, எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்குத்தானே" என்று நீ சொன்னபோது நான் கதையை மாற்றிவிட்டேன். எழுதினால்தான் வடிவாகச் சொல்லலாம் போல இருந்தது.

போன கிழமை வெள்ளவத்தையில், காலி வீதியில் நாங்கள் பாட்டுப் பதிகிற கடை இருந்த இடத்தைப் பார்த்தேன். இப்போது அங்கே போன் கவர்கள் தொங்குகின்றன; ரீலோட் போடுகிறார்கள். அந்த ரெக்கோடிங் பார் உனக்கு நினைவிருக்காது. கொப்பித் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, 90 நிமிட வெறும் கசெற்றோடு கொடுத்தால், மூன்றாம் நாள் போய் எடுக்கலாம். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைக்கார அண்ணா நாங்கள் எழுதின வரிசையிலேயே பதியமாட்டார். ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் ஓரத்தில் பென்சிலால் குறித்து, பக்கம் முடிகிற இடத்தில் ஒரு பாட்டும் பாதியில் அறாதபடி மாற்றி அடுக்குவார். இரண்டு நிமிடம் மிஞ்சினால் ஒரு வீணை வாசிப்பைப் போட்டு நிரப்பியிருப்பார். அதற்கென்று காசு கேட்டதே இல்லை. நான் வீணை கேட்கத் தொடங்கியது அப்படி மிஞ்சின இரண்டு நிமிடங்களில்தான்.

பிறகு சீடி வந்தது. அதோடும் அவர் சமாளித்தார். ஆனால் ஒரே சீடியில் நூறு பாட்டு எம்பி3 ஆக அடங்கி, புறக்கோட்டை நடைபாதையில் குவித்து விற்கத் தொடங்கியபோது, நிமிடக் கணக்குப் பார்க்கிற மனுசனுக்கு அங்கே என்ன வேலை? அப்புறம் மெமரி கார்ட், இப்போது டேட்டா. உங்கள் கனடாவிலும் 2017இல் எச்.எம்.வி. இசைக் கடைகள் எல்லாம் பூட்டப்பட்டனவே. எச்.எம்.வி.யின் நாய்ப் படம் போட்ட இசைத்தட்டுகள் தாத்தா வீட்டில் அடுக்கடுக்காக இருந்தவை. அந்தச் செய்தி எனக்குச் சாவீட்டுச் செய்தி போலத்தான் இருந்தது. அமெரிக்காவில் 2022இல் சீடியைவிட இசைத்தட்டு அதிகம் விற்றதாம், 1987க்குப் பிறகு முதல் தடவையாக. சந்தோசம்தான். ஆனால் என் லிஸ்டைப் பார்த்து, "அக்கா, இதையும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று சொல்கிற ஆள் அதோடு திரும்பி வரப்போவதில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். 43 கசெற் இருக்கிறது. கடல் காற்றுக்குப் 11 கசெற்றில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவற்றைத் தனியாக வைத்துவிட்டேன். மற்றவை நல்லாய்த்தான் இருக்கின்றன. பிழை கசெற் போட்டுக் கேட்கிற டெக்கில். மோட்டர் ஓடுகிறது, சில்லு சுற்றவில்லை. திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக் கிடக்கிறது. இங்கே கேட்ட இடமெல்லாம் இல்லை என்கிறார்கள்.

மார்கழியில் வரும்போது ஒரு பெல்ட் வாங்கி வா ராசா. பெல்ட் ஓடுகிற வழியை நூலால் அளந்து, அந்த நூலை இந்தத் தாளின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதைவிடக் கொஞ்சம் சிறிதாகப் பார்த்து எடு. அப்போதுதான் இறுக்கிப் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா