கொட்டேஷனில் எழுதாததைப் படி

அன்பு மகளுக்கு,

உன் வீட்டுக் கேமரா, வைஃபை வேலைக்கு நீ அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் நிதானமாகப் படித்தேன். "மூணுலயும் அதே கேமரா, அதே வைஃபை, அதே ஸ்மார்ட் ஸ்விட்ச்தானேப்பா, அப்புறம் எதுக்கு மேல கொடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளையும் அதையேதான் சொல்கிறார் போலிருக்கிறது. நியாயமான கேள்விதான். பொருள் பட்டியல் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுபோலத் தெரிகிறது. எனக்கோ மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருப்பதாகப் படுகிறது.

குறைந்த விலைக்காரர் கொடுத்ததை எடுத்துப் பார். ஒரே பக்கம். "கேபிள் – தேவையான அளவு" என்று ஒரு வரி, "கூலி" என்று ஒரு வரி, அடியில் மொத்தத் தொகை. என்ன கேபிள், எத்தனை பாயின்ட், பைப்புக்குள் போகிறதா, சுவரோடு கிளிப் அடித்துப் போகிறதா, எதுவும் இல்லை. கேமராவையும் ரௌட்டரையும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் வாங்குகிறார்கள். அதில் பெரிதாகக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்த இடங்கள் மூன்றுதான்: சுவருக்குள் போகும் கம்பி, அதை இழுக்கும் ஆளுக்குக் கொடுக்கும் நேரம், பழுது என்று கூப்பிட்டால் திரும்ப வருவது. மூன்றுமே இன்றைக்கு உன் கண்ணில் படாது.

கேபிள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சர்வீஸ் முழுக்க அதோடு கழித்தவன், சுருக்கமாகச் சொல்ல வராது. நெட்வொர்க் கேபிள் என்று விற்பதில் முழுச் செம்புக் கம்பி ஒரு வகை. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்தது இன்னொரு வகை, அதைச் சிசிஏ என்பார்கள். உறை ஒன்றாக இருக்கும், மேலே "கேட் 6" என்று தரத்தைச் சொல்கிற அச்சும் இருக்கும். ஆனால் கேட் 6 தர விதிகள் கேட்பது செம்புக் கம்பியைத்தான். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். முன்பு போல அந்தக் கம்பியில் தகவல் மட்டும் போனால் ஒருவேளை சமாளித்துவிடும். இப்போது கேமராவும் சீலிங்கில் மாட்டுகிற வைஃபை பெட்டியும் மின்சாரத்தையே அந்தக் கேபிள் வழியாகத்தான் எடுக்கின்றன. இதைத்தான் பிஓஇ என்று அந்தக் கொட்டேஷன்களில் பார்த்திருப்பாய். 2003இல் அதற்கு முதல் தர விதி வந்தபோது ஒரு கேபிளில் 15.4 வாட் வரை அனுப்பினார்கள்; 2018இல் வந்த தர விதி 90 வாட் வரை போகிறது. பூச்சுக் கம்பியில் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும், கம்பியும் சூடாகும். பகலில் ஒழுங்காக ஓடுகிற கேமரா, இருட்டி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எழும். கேமராவை மாற்றுவார்கள், ரெக்கார்டரை மாற்றுவார்கள், சுவருக்குள் இருக்கிற கம்பியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியைப் பிரித்ததும் ஒரு சாண் வெட்டித் தரச் சொல். உறையை உரித்து, ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டு. உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். கேட்டதும் முகம் சுளிக்காமல் வெட்டித் தருகிறாரா என்றும் பார்த்துக்கொள்.

அடுத்தது, கேபிளின் முனையை ஜாக்கில் பொருத்துவது. உள்ளே நான்கு ஜோடிக் கம்பி, ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும். பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் ஏறாமல் காப்பது அந்த முறுக்குதான். ஜாக்கில் செருகும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. பாயின்ட் கணக்கில் கூலி வாங்கி, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய பையன் இரண்டு அங்குலம் பிரித்துச் செருகிவிட்டுப் போவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். சின்ன டெஸ்டரை மாட்டி "எட்டு லைட்டும் எரியுது மேடம்" என்பான். எரியும்தான். கம்பி அறுபடவில்லை, இடம் மாறவில்லை என்பதை மட்டுமே அந்த லைட் சொல்லும். வேகம் தாங்குமா என்று சொல்கிற கருவி வேறு. அதை வைத்துச் சோதித்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ரிப்போர்ட் தருவதாக, விலையில் நடுவில் இருக்கிறவர் எழுதியிருக்கிறார். அவர் தொகை ஏறியதற்கு அந்த ஒரு வரியும் காரணம்.

அவர் வேறு என்ன செய்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதன் அருமை உனக்குத் தெரியவில்லை. வீட்டு வரைபடம் கேட்டிருக்கிறார். எந்தச் சுவர் கான்கிரீட், உட்கார்ந்து வேலை பார்க்கிற அறை எது, ஸ்விட்ச் போர்டு ஒவ்வொன்றிலும் நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போகிற வயர், வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். விலை சொல்வதற்கு முன் இத்தனை கேட்கிற ஆளைத்தான் நான் தேடுவேன். நியூட்ரல் கேள்வி சாதாரணமானதில்லை. பழைய முறை வயரிங்கில் பல போர்டில் கரன்ட் வருகிற வயரான ஃபேஸ் மட்டும்தான் இறங்கியிருக்கும். அங்கே மாட்டுகிற ஸ்மார்ட் ஸ்விட்ச், தான் உயிரோடு இருக்க விளக்கு வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை இழுக்கும். எல்இடி விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும். அப்போது "விளக்கு சரியில்லை மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மலிவானவர் வைஃபைக்கு "பவர்ஃபுல் ரௌட்டர் ஒன்று போதும்" என்று எழுதியிருக்கிறார். ஒரு முனையில் மெகாஃபோன் வைத்துக் கத்தினால் என்ன, மறுமுனையில் இருப்பவர் முணுமுணுத்தால் பேச்சு நடக்குமா? உன் போனின் சக்தி குறைவு, அதன் பதிலும் ரௌட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவிலிருப்பவர் கேபிள் இழுத்துச் சீலிங்கில் தனித்தனிப் பெட்டி வைக்கச் சொல்வதுதான் முறை. ரௌட்டரை மட்டும் மெயின் போர்டுக்குப் பக்கத்து இரும்புப் பெட்டிக்குள் அடைக்க விடாதே. பார்க்க அழகாக இருக்கும், சிக்னல் அதற்குள்ளேயே செத்துவிடும்.

இப்போது சொல்வதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. வேலை முடிந்ததும் அந்தக் கேமரா, ஸ்விட்ச், பூட்டு எல்லாம் யார் பெயரில் இருக்கும்? பல இன்ஸ்டாலர்கள் அவசரத்தில் தங்கள் மெயிலிலேயே அக்கவுண்ட் திறந்து, உனக்கு ஆப்பில் "ஷேர்" மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு அது சௌகரியம். ஆனால் உன் வீட்டு வாசலை அவரும் பார்க்கலாம். அவர் தொழிலை விட்டுவிட்டால் எல்லாவற்றையும் ரீசெட் செய்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாளே உன் மெயில், உன் பாஸ்வேர்ட், அட்மின் நீ. அவருக்கு வேண்டுமானால் நீ அனுமதி கொடு, வேலை முடிந்ததும் எடுத்துவிடு.

கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதும் இதே ரகம். 2016இல் மிராய் என்ற வைரஸ் அப்படி விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவிவிட்டு, இணையதளங்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கிற டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே பல மணி நேரம் திறக்காமல் நின்றன. வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அதில் இருந்ததே தெரியாது. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. நல்ல இன்ஸ்டாலர் நீ கேட்காமலே இதை மாற்றுவார், பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிட்டுப் போவார். அதற்கும் நேரம் ஆகும், நேரத்துக்கும் காசு.

இதையெல்லாம் படித்துவிட்டு மூன்றாவது ஆளிடம் ஓடிவிடாதே. விலை அதிகம் என்பதால் வேலை நன்றாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் எழுதியிருப்பது அறைக்கு அறை டச் பேனல், திரைச்சீலைக்கு மோட்டார், எல்லாம் ஒரே கம்பெனியின் சர்வரை நம்பி ஓடுகிற பெட்டிகள். ரிவால்வ் என்று ஒரு பெட்டி இருந்தது, வீட்டுச் சாதனங்களையெல்லாம் கட்டி மேய்க்கிற பெட்டி. அந்தக் கம்பெனியை நெஸ்ட் வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் பெட்டி அப்படியே இருந்தது, வேலைதான் செய்யவில்லை. இன்டர்நெட் இல்லாத நேரத்தில் எந்தெந்தப் பொருள் வேலை செய்யும் என்று மூன்று பேரிடமும் கேள். பதிலைக் கேட்டாலே ஆளைத் தெரிந்துவிடும்.

நடுவிலிருப்பவரிடமும் ஓட்டை இருக்கிறது. வாரன்ட்டி ஒரு வருடம் என்கிறார்; பொருளுக்கா, வேலைக்கா? எர்த்திங் பற்றியும், திடீரென்று பாய்கிற மின்சாரத்தைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் பற்றியும் பேச்சே இல்லை, இடி மின்னல் நேரத்தில் வெளிக் கேமரா கேபிள் வழியாக உள்ளே இருக்கிற அத்தனையும் போகும். கூடுதலாக ஒரு காலி பைப், பின்னால் கேபிள் இழுக்க உள்ளே ஒரு கயிற்றோடு, விடச் சொல். இவற்றைப் பேச்சில் விடாதே, கொட்டேஷனில் ஏற்றச் சொல். அவர் வேலை செய்து இரண்டு வருடமாவது ஆன ஒரு வீட்டின் நம்பரும் வாங்கு. "நல்லா இருக்கா?" என்று கேட்காதே, எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "பழுதானப்போ கூப்பிட்டீங்களா, எப்போ வந்தார்?" என்று கேள்.

கைக்குப் பணம் போதாது என்றால் பொருளைக் குறை. பாதிக் கேமரா அடுத்த வருடம் மாட்டலாம், ஸ்மார்ட் ஸ்விட்ச் கூடத்தில் மட்டும் போதும். பைப்பையும் கேபிளையும் இப்போதே முழுசாகப் போட்டுவிடு. பெட்டிகள் எப்படியும் சில வருடத்தில் மாறும், சுவரை மறுபடி உடைக்க உனக்கு மனசு வராது. கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள். கேபிளுக்குக் கேபிள் லேபிள், எது எங்கே போகிறது என்ற படம், டெஸ்ட் ரிப்போர்ட், பாஸ்வேர்ட் பட்டியல், இவை நான்கும் வந்த பிறகு கொடு. முன்பே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கூடத்துச் சுவரை முதலில் எடு. டிவி வருகிற இடத்தில் ஒரே ஒரு பைப்தான் வரைபடத்தில் இருக்கிறது, கரன்ட் வயரும் நெட்வொர்க் கேபிளும் அதே பைப்பில் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியிருந்தால் கொத்தனாரை ஒரு நாள் நிறுத்தி வை, நான் போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா