பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் உங்கள் நாளிதழில் வேளாங்கண்ணியும் சாந்தோமும் தவறாமல் வந்துவிடும். வரட்டும், குறை சொல்லவில்லை. தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே நிற்கிற எங்கள் பக்கத்துப் பழைய கோயில்களையும் ஒரு வருஷமாவது போடக் கூடாதா? (நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். நான் விபூதி பூசுகிறவன், ஆனாலும் எனக்கும் அது கோயில்தான்.) முப்பது வருஷம் கல்யாண ஆல்பம் போட்டுப் பிழைத்தவன் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அக்கா மகன் பைக்கில் பாளையங்கோட்டையிலிருந்து இருட்டோடு கிளம்பினோம். நாசரேத்தில் ஒரு டீ. அப்புறம் நேரே மெஞ்ஞானபுரம். ஜான் தாமஸ் என்கிற வேல்ஸ் நாட்டு மிஷனரி எழுப்பிய தூய பவுல் ஆலயம் அங்கே இருக்கிறது. கோபுரம் 192 அடி. அவர் 1870இல் இறந்து அந்த ஊரிலேயே அடக்கமானார். பையன் வாசலில் நின்று செல்போனை அண்ணாந்து பிடித்தான். கோபுரம் மல்லாக்கச் சாய்ந்தது. "முழுசா வரமாட்டேங்குது மாமா" என்றான். பக்கத்தில் நின்றால் எப்படி வரும்? ஊருக்கு வெளியே கூட்டிப் போய், பனைகளுக்கு மேலே கோபுரம் தனியாக எழும்பி நிற்கிற இடத்தில் நிறுத்தினேன். அதற்கப்புறம் அவன் பேசவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தான்.

முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்கினோம். 1799இல் புதுக் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான ஊர் அது, பெயரிலேயே 'முதல்' இருக்கிறது. பதநீர் கிடைக்குமா என்று பையன் கேட்டான். மார்கழியில் ஏது பதநீர்? பனங்கிழங்குதான்.

இடையன்குடிக்குப் போகும்போது மணி பதினொன்று. மற்ற மாதங்களில் அந்நேரம் கேமராவை மூடி வைத்துவிடலாம், வெயில் உச்சியில் நின்று எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவரில் வெளிச்சம் சரிவாக விழுகிறது. கூர்வளைவுச் சன்னல்களின் ஒவ்வொரு விளிம்புக்கும் நிழல் கிடைத்தது. கால்டுவெல் 1847இல் தொடங்கிய அந்தக் கோயில் முடிய 1880 ஆனது. அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் அச்சாகி வந்தபோதும் இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரைக் கீழே கொண்டுவந்து, இந்தப் பீடத்துக்கு அடியிலேயே அடக்கம் செய்தார்கள். கோயில்குட்டி (கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்) கதவைத் திறந்துவிட்டு, "ஃபிளாஷ் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி" என்றார். ஃபிளாஷ் தேவையே இல்லை.

எழுத வந்த விஷயம் திரும்பும் வழியில் நடந்தது. இன்னொரு ஊர், பெயர் வேண்டாம். 1991இல் அங்கே ஒரு கல்யாணத்துக்கு யாஷிகா கேமராவோடு போயிருக்கிறேன். கோயில் வாசல் வளைவில் சுண்ணாம்புக் காரையில் ஒரு திராட்சைக் கொடி படர்ந்திருக்கும், இலை நரம்புகூடத் தெரியும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதற்குக் கீழேதான் நிறுத்தினேன். இப்போது கொடி இருந்த இடத்தில் வழவழவென்று சிமென்ட், அதன் மேல் ரோஸ் கலர் எனாமல், அதிலும் சீரியல் செட் தொங்கவிட வரிசையாக ஆணிகள். கேட்டால் "பளிச்சுன்னு இருக்குல்லா" என்கிறார்கள்.

சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதற்கு வழி விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து உதிரும். அந்த ஊரிலும் அடிச்சுவர் இப்போதே உதிர்கிறது. அடுத்த பண்டிகைக்கு மறுபடி பூசுவார்கள்.

பழைய காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து உங்கள் ஞாயிறு பக்கத்தில் பேச வையுங்கள். சபைக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பூசித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்னால் நாலு பக்கமும் படமாவது எடுத்து வையுங்கள். அந்தத் திராட்சைக் கொடியின் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வந்தால் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடையை மூடிவிட்ட ஸ்டுடியோக்காரர்,
பாளையங்கோட்டை