அம்மாவின் முகத்தை அழித்துவிடுங்கள்

கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கும், பார்வையாளர்களின் முகத்தைப் படம் பிடித்து, அவர்கள் சொல்லாததைச் சொல்லவைக்கும் அந்தச் சுவரை உருவாக்கிய கலைஞர்களுக்கும் வணக்கம்.

நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றே பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. என் அம்மாவின் முகத்தை அழிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அன்று கண்காட்சியில் அம்மா அங்கிருந்த திரையைக் கண்ணாடி என்று நினைத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சுவர் முழுக்க அவர் முகம், ‘பணத்தை எடுத்தது நான்தான்’ என்று பேசுகிறது. அம்மா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுவரில் இருந்த வாய் பேசிக்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள். ‘நான் அப்படிச் சொல்லலைன்னு எல்லாருக்கும் தெரியும்தானே?’ என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அறிவிப்புப் பலகை இருந்ததாம். இருந்தது, வெளியே போகும் வாசலில்.

டீப்ஃபேக், அதாவது ஒருவர் சொல்லாததைச் சொன்னதுபோல் கணினி உருவாக்கும் போலி வீடியோ, எவ்வளவு ஆபத்தானது என்று மக்களுக்குக் காட்டவேண்டும் என்ற உங்கள் நோக்கம் சரிதான். 2019-இல் பில் போஸ்டர்ஸ், டேனியல் ஹோவ் என்ற கலைஞர்கள் இருவரும் அப்படியொரு வீடியோவில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பர்க்கைச் சொல்லாததைச் சொல்லவைத்தார்கள். கோடிக்கணக்கானவர்களின் தரவைக் கையில் வைத்திருப்பவர் அவர். மெக்சிகோவில் காணாமல்போன 43 மாணவர்களின் முகங்களைத் தேடும்படி முக அடையாள மென்பொருளைத் திருப்பிவிட்டார் கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர். என் அம்மா யாருடைய தரவையும் வைத்திருக்கவில்லை. அவரை ஏன் கூட்டத்தின் நடுவே திருடியாக்கினீர்கள்?

ஏற்கெனவே போகிற இடமெல்லாம் கேமரா, போனைத் திறக்கவே முகம் கேட்கிறது, யார் எதை எங்கே சேர்த்து வைக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அது தவறு என்று சொல்ல வந்த நீங்களும் கேட்காமல்தானே எடுத்தீர்கள்? பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: அம்மாவின் படம், அந்த வீடியோ, அவர் முகத்தை அளந்து மென்பொருள் எடுத்துவைத்த எண்கள், இவற்றின் நகல்கள் எல்லாவற்றையும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். படத்தை மட்டும் அழித்தால் போதாது, அந்த எண்கள் இருந்தால் அவரை மறுபடி அடையாளம் காண முடியும். இனி வருகிறவர்களிடம், கேமரா திறக்கும் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள்.

அழித்த பிறகு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அம்மாவிடம் படித்துக் காட்டவேண்டும்.