மகனுக்கு: குதிரையை வேறு கைக்குப் பழக்கு

அன்பு மகன்,

ஏலத்துக்குக் கொண்டுபோகிற குதிரையை எடுத்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். தோல் மினுங்குகிறது, வயிறும் அளவாக இருக்கிறது, தீனியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீ பக்கத்தில் நின்றவரோடு கதைக்கத் திரும்பினதும் அதுவும் தலையைத் திருப்பி உன்னையே பார்க்கிறது, காது இரண்டும் உன் பக்கம்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய மட்டக்களப்புப் படுவான்கரையில் வண்டில் மாடு பழக்கி விற்கிறவர்கள் விற்பதற்கு முந்தி நாம்பனை, அதுதான் இளம் காளையை, வேறு ஒருவர் கையில் கொடுத்து, வேறு வண்டிலில் பூட்டி, தெரியாத பாதையில் ஓட்டிப் பார்ப்பார்கள். வளர்த்தவன் குரலுக்கு மட்டும் நடக்கிற மாடு, வாங்கினவன் வளவில் போய்ப் படுத்துவிடும். சவூதியில் லாயத்தில் வேலை செய்த காலத்தில் குதிரையிலும் இதையேதான் கண்டேன். ஆகவே இன்றைக்கே தொடங்கு. காலையில் ஒரு பொடியன் கயிற்றைப் பிடிக்கட்டும், பின்னேரம் இன்னொருவர் குளம்பைத் தூக்கிப் பார்க்கட்டும், வேறு ஒருவர் லொறியில் ஏற்றி இறக்கட்டும், நீ அதன் கண்ணில் படாமல் தள்ளி நில். முதலில் உன்னைத் தேடும், கனைக்கும். ஓடிப் போய்விடாதே.

நீ கொண்டுபோகிற ஏலம் இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் நடக்கிற டாட்டர்சால்ஸ் குதிரை ஏலம், 1766 இல் தொடங்கிய நிறுவனத்துடையது. ஒக்டோபர் கடைசியில் அங்கே பந்தயப் பயிற்சியில் இருக்கிற குதிரைகளை விற்கும்போது வளைகுடாவில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு உன்னையும் தெரியாது, உன் குதிரையையும் தெரியாது. லாயத்துக்கு வெளியே கொண்டுவரச் சொல்லி, ஒரு பக்கம் நடத்தி, திருப்பி நேரே தங்களை நோக்கி வரச்சொல்லிக் காலைப் பார்ப்பார்கள், ஒருவர் பார்த்துப் போனதும் அடுத்தவர் வருவார், பகல் முழுக்க இதுதான் நடக்கும். அப்போது தலையை இறுக்கிப் பிடிக்காதே. கயிற்றைத் தளர்த்தி விட்டால்தான் கழுத்து ஆடும், அடி நீளும். இறுக்கினால் நல்ல குதிரையும் குட்டை அடி வைக்கும். இடைக்கிடை தண்ணீர் காட்டு, ஆள் இல்லாத நேரம் கதவைச் சாத்தி ஓய்வு கொடு.

லாடத்தைக் கடைசி நாள் வரைக்கும் விடாதே, ஒரு கிழமைக்கு முந்தி அடித்தால் குளம்பு பழகிவிடும். பல்லையும் பார்க்கச் சொல், கூர் இருந்தால் கடிவாளத்தோடு சண்டை பிடிக்கும். மினுக்கத்துக்காக ஓட்ஸை ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்று வலியில் கொண்டுபோய் விடும், தினமும் பிரஷ் போடு, அது போதும். போட்டோவுக்குச் சமதரையில் நிறுத்து, நாலு காலும் தனித்தனியாகத் தெரியவேண்டும், கமரா குதிரையின் வயிற்று உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும்.

பழக்கக் குறைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குகிறதா, நின்ற இடத்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறதா, லாயத்துக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறதா, எது இருந்தாலும் ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடச் சொல். மறைத்து விற்றால் குதிரை திரும்பி வரும், அதோடு உங்கள் லாயத்தின் பெயரும் கெடும், அடுத்த வருடம் நீ கொண்டுபோகிற நல்ல குதிரையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். மூச்சுச் சத்தத்தையும் வாங்குகிறவர்கள் பரிசோதிப்பார்கள், அதை ஒளிக்கவும் முடியாது.

விலை கினியில்தான் கேட்பார்கள், ஒரு கினி என்றால் ஒரு பவுண் 5 பென்ஸ். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்கிற தொகையை முதலாளியோடு முன்கூட்டியே கதைத்து வைத்துக்கொள். ஆசைப்பட்டு அதை உயர்த்தி வைத்தால் கேட்க வந்தவர்களும் விட்டுப் போய்விடுவார்கள், குதிரையை மறுபடி வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டிவரும்.

அம்மா தான்தோன்றீஸ்வரருக்கு நேர்ந்து வைத்திருக்கிறா. ஏல நாள் முடிவானதும் அவவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்.

அன்புடன் அப்பா,
கொக்கட்டிச்சோலை