நொமாட்டை வெளியே நிறுத்தியவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஞாயிறு பின்னேரங்களில் ‘வார்மெஷின்’ என்ற பொம்மைப் போர் மேசை விளையாட்டை ஆடக் கூடும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

போன கிழமை என் நொமாட்டை, அந்தக் கூலிப்படை இயந்திரப் பொம்மையை, நீங்கள் மேசையில் வைக்க விடவில்லை. அதன் இடது கை வேறொரு பொம்மையினுடையது, தோள் தகட்டில் இரண்டு நிறம். ‘ஒரு படைக்கு ஒரே வண்ணம்’ என்ற புது விதிக்கு அது ஒத்துவராதாம்.

விளையாட்டில் வரும் சிக்னார், கேடோர் அரசுகளின் படைகளுக்கு அந்த விதியைத் தாராளமாக வையுங்கள். அங்கே அரசு சம்பளம் கொடுக்கிறது, அரசின் பட்டறையே பெயின்ற் அடிக்கிறது. கூலிப்படைக்கு யார் அடித்துக் கொடுப்பது?

2003இல் பிரைவட்டியர் பிரஸ் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது, வார்ஜாக் எனும் போர் இயந்திரம் என்றால் கொதிகலன், நிலக்கரி, தண்ணீர், உள்ளே மந்திரத்தால் செய்த ஒரு மூளை. நொமாட்டிடம் துவக்குக்கூட இல்லை, பெரிய வாள் ஒன்றுதான். அதனால் வெடிமருந்துச் செலவு மிச்சம். சொந்தக் காசில் கரி வாங்குகிறவனுக்கு அது சின்ன விஷயமா? வார்காஸ்டர் என்ற மந்திரத் தளபதி மனதாலே நடத்தும் அதே இயந்திரத்தை, மந்திரம் தெரியாத ஜாக் மார்ஷல் தொண்டை கிழியக் கத்தி நடத்துவான், மருதானையில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்க வைக்கும் கொண்டக்டரைப் போல. எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த ஆள் அவன்தான்.

இப்படிப்பட்டவர்கள் கையில் நாலு சண்டை கண்ட இயந்திரம் பளபளவென்று நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு வாகனத்தில் கழற்றிய கதவு, கண்ணாடி, கியர்பெட்டி எல்லாம் இன்னொன்றில் ஏறி ஊர் சுற்றும். வெள்ளைக் கதவு பூட்டிய நீல வானைப் பார்த்து ‘இது வான் இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. நொமாட்டின் முரட்டுத்தனம் அடி தாங்குவதில் மட்டும் இல்லை. அடி வாங்கிய இடத்தில், கிடைத்ததை வைத்துப் பூட்டினாலும் மறுபடி எழும்பி நடக்க வேண்டும். என் பொம்மையின் ஒட்டுக் கை பிழையல்ல, அது பட்ட பாட்டின் கதை.

கூலிப்படை என்றதும் முகம் சுளிக்கும் இருவர் உங்களில் இருக்கிறார்கள். பொலன்னறுவையில் வேளைக்காரர் என்ற படையினர் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. புத்தரின் தந்ததாது இருந்த மாளிகையைக் காப்போம் என்று 12ஆம் நூற்றாண்டில் உறுதி கொடுத்தவர்கள் அவர்கள். காசுக்குப் போரிட வந்தவர்கள்தான் அவர்களும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான்: கூலிப்படைக்கு மட்டும் அந்த விதியை எடுத்துவிடுங்கள். வருகிற ஞாயிறு நொமாட்டோடு வருவேன், அதே கையோடு. பசையும் கொண்டுவருகிறேன். போன தடவை உங்கள் கேடோர் ஜாக்கின் கோடரி கழன்று மேசைக்குக் கீழே கிடந்ததே, அதை இன்னும் யாரும் ஒட்டியிருக்க மாட்டீர்கள்.

அன்புடன்,
இரண்டு நிற நொமாட்டின் சொந்தக்காரன்