சீரமைத்த டேர்போ எஞ்சினுக்கு "மெதுவாக ஓட்டுங்கள்" என்பது போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வாகனத்தின் விலை கைக்கெட்டாததால் எங்களில் பலர் பழைய எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ("போர்" செய்து), கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய உதிரிப்பாகங்களைப் பூட்டியே ஓட்டி வருகிறோம். அவ்வாறு பெருஞ்செலவில் சீரமைத்த எஞ்சினைக் கையளிக்கும்போது கராஜில் எனக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "ஆயிரம் கிலோமீற்றருக்கு மெதுவாக ஓட்டுங்கள்."

அதை நான் அப்படியே கடைப்பிடித்தேன். டேர்போ (புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்திய என் டீசல் வேனை வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை காலி வீதி நெரிசலில் ஊர்ந்தபடியே மூன்று மாதம் பாவித்தேன். நீலப்புகை நிற்கவில்லை, ஒயில் குறைந்துகொண்டே போனது. மறுபடி பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் மினுங்கியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் (வளையங்கள்) சுவரோடு படியவே இல்லை.

ஹோனிங் செய்த, அதாவது சாணைக்கல்லால் தேய்த்துச் சீராக்கிய, சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தும்போதுதான், அக்கீறல்களின் முனைகள் தேய்ந்து இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சுமையின்றி ஓடும் எஞ்சினில் அந்த அழுத்தம் போதாது. சுவரில் எஞ்சும் ஒயில் கருகிப் படலமாகிவிடுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே, ஹைலெவல் வீதியில் அவிசாவளைப் பக்கம் போன்ற ஏற்ற இறக்கமுள்ள பாதையில், அதிகாலை வேளையில், நடுத்தரச் சுமை கொடுத்தும், பின்னர் அக்ஸிலேற்றரை விட்டு கியரிலேயே வேகம் தணித்தும், ஒரே வேகத்தில் நிலைக்காமல் ஓட்ட வேண்டும். ஆனால் முழு வேகமும் டேர்போவின் முழு அழுத்தமும் தவிர்க்கப்பட வேண்டியவை.

டேர்போவுக்கோ தனிக் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டு மெல்லிய ஒயில் படலத்தின் மீதே மிதக்கிறது. எனவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னர் எரிபொருளைத் துண்டித்து, ஒயில் அழுத்தம் ஏறும் வரை எஞ்சினைச் சுற்றவிட்டு, டேர்போவுக்கு ஒயில் போய்ச் சேர்வதை உறுதிசெய்ய வேண்டும். புதிய பாகங்கள் உரசி உதிரும் உலோகத் துகள்கள் அதே ஒயிலோடுதான் டேர்போவுக்கும் செல்கின்றன என்பதால், முதல் ஒயிலையும் பில்டரையும் ஆயிரம் கிலோமீற்றர் வரை வைத்திருப்பது, என் கருத்தில், வீண் சிக்கனம். நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை அணைக்காது ஓரிரு நிமிடம் ஓடவிடுவதும் அவசியம். இல்லையேல் சூடான தண்டைச் சுற்றித் தேங்கும் ஒயில் கரியாகிவிடும்.

இவை நல்ல மெக்கானிக்குகள் அறியாதவை அல்ல. எனது இரண்டாவது சீரமைப்பைச் செய்தவர் இவ்வளவையும் பொறுமையாக விளக்கினார். ஆனால் வாய்ச்சொல் வீடு சேரும்முன் மறந்துபோகிறது. வேனை ஓட்டுபவர் பல வேளைகளில் உரிமையாளரும் அல்லர். ஆகவே சீரமைத்த எஞ்சினை ஒப்படைக்கும் ஒவ்வொரு கராஜும், பாவித்த ஒயிலின் வகை, முதல் ஒயில் மாற்றத்துக்கான கிலோமீற்றர், ஓட்ட வேண்டிய முறை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு தாளைப் பற்றுச்சீட்டுடன் இணைத்துத் தர வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வேன் உரிமையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.