நலம் என்று மட்டும் எழுதாதே

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் 'இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல்' என்று எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். துணி காயப்போட நான்தான் போகிறேன். எனக்குப் போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டையும் போனில் உன்னிடம் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளை என்ன செய்வான், வீணாகத் தவிப்பான் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துத்தான் மறைத்தோம். மறைத்தது தப்பு என்று இப்போது படுகிறது. ஏன் படுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். லீவு நாளில் உட்கார்ந்து படி.

போன வருடம் ஜெர்மனியில் உன் அமெரிக்கப் படை முகாம் இருக்கிற வில்செக்கிலிருந்து நீ அனுப்பிய பார்சலில் கண்ணாடிக் குவளைகளைச் சுற்றி ஒரு செய்தித்தாள் இருந்தது. அம்மா குவளைகளை எடுத்துக்கொண்டாள், நான் தாளை எடுத்துக்கொண்டேன். 32 வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவனுக்கு அச்சடித்த தாளைக் கசக்கி எறிய மனம் வராது. இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்துத் தேய்த்து, சுருக்கம் எடுத்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' என்று தலைப்பு. புரட்டினால், உள்ளே நிறையக் கார்ட்டூன்கள். பட்டாளத்துப் பத்திரிகையில் கார்ட்டூனுக்கு இவ்வளவு இடமா என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து உன் அக்காவை நச்சரித்து, அவள் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொடுத்ததையெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு படித்து வருகிறேன்.

அந்தப் பத்திரிகை பிறந்த கதையே என்னை உலுக்கிவிட்டது. 1861ஆம் வருடம், அமெரிக்காவின் உள்நாட்டுப் போர். மிசௌரி மாநிலத்தில் புளூம்ஃபீல்டு என்ற சின்ன ஊருக்குள் வடக்குப் படை நுழைகிறது. அந்த ஊர்ப் பத்திரிகை ஆபீஸில் ஆள் இல்லை, போட்டது போட்டபடி கிடக்கிறது. படையில் வந்த இல்லினாய்க்காரர்களில் சிலருக்கு அச்சு வேலை தெரியும். நவம்பர் 9ஆம் தேதி, அங்கே கிடந்த எழுத்தைக் கோத்து, அங்கே கிடந்த மிஷினிலேயே தங்களுக்கென்று ஒரு தாளை அடித்துவிட்டார்கள். சண்டைக்குப் போன இடத்தில் எழுத்துப் பெட்டியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை பார். அந்தக் கையை எனக்குத் தெரியும், தம்பி. ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையைத் தாண்டிப் போகும்போது என் விரல் தானாக மடங்குகிறது.

பிறகு முதல் உலகப் போரில், 1918 பிப்ரவரி 8 முதல் பாரிஸிலிருந்து வாரப் பத்திரிகையாக வந்திருக்கிறது. போரில் தகப்பனை இழந்த பிரெஞ்சுக் குழந்தைகளுக்காக அந்தப் பத்திரிகை சிப்பாய்களிடம் கையேந்தியது. பதுங்குகுழியில் கிடந்தவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்து, 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் செலவை ஏற்றுக்கொண்டார்களாம். உன் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரலில் லண்டனில், 'டைம்ஸ்' பத்திரிகையின் அச்சகத்திலேயே மறுபடி தொடங்கினார்கள். அதே வருடம் செப்டம்பரில் நம் டெல்லியிலிருந்தும், சீனா, பர்மா, இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கென்று 'ரவுண்டப்' என்று தனியாக ஒரு வாரப் பத்திரிகை வந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். பெயர் பில் மால்டின். நியூ மெக்சிகோவில் பிறந்த பையன். 45ஆவது காலாட்படைப் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து, அந்தப் பிரிவின் பத்திரிகைக்கே படம் போட்டுக்கொண்டு, 1943இல் சிசிலியில் கரை இறங்கினான். (என்னைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் அந்த வயதுப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு 'ன்' விகுதிதான் வருகிறது.) அந்த வருடக் கடைசியில் இத்தாலியில் காசினோ என்ற ஊர்ப் பக்கம் மோர்ட்டார் குண்டுச் சிதறல் தோளில் பாய்ந்தது. 1944இல் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' அவனை எடுத்துக்கொண்டது. ஒரு ஜீப்பும் கொடுத்து, முன்வரிசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரை என்று விட்டுவிட்டார்கள். அப்போது வயது 22.

அவன் வரைந்தது இரண்டே ஆட்கள், வில்லி, ஜோ. இரண்டு காலாட்படைக்காரர்கள். பல நாள் தாடி, கண்ணுக்குக் கீழே பை, சேறு ஊறிய கோட்டு, வளைந்து போன முதுகு. ஒரு படத்தில் வில்லி மருத்துவ உதவியாளனிடம், காயம்பட்டவனுக்குக் கொடுக்கிற பதக்கம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் கொடு என்கிறான். இன்னொன்றில் இரண்டு அதிகாரிகள் மலைக் காட்சியை ரசித்துக்கொண்டு, சிப்பாய்களுக்கும் இப்படி ஒரு காட்சி உண்டா என்று கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்ததில் வார்த்தையே இல்லை. பழைய குதிரைப்படை சார்ஜெண்ட் ஒருவர், சக்கர அச்சு முறிந்து சாய்ந்து நிற்கிற ஜீப்பின் மேல் துப்பாக்கியைக் குறிவைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். கால் ஒடிந்த குதிரையை அப்படித்தான் சுடுவார்களாம். அரை நிமிடம் சிரித்தேன், பிறகு ரொம்ப நேரம் அந்தப் பொத்திய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தை மறைத்து வைத்து ஒரு மனிதனின் நெஞ்சைக் காட்டியிருக்கிறான்.

1945இல் அவனுக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது, 23 வயதில். அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் படத்தை இங்கே மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பது பத்திரிகைத் தலைப்பின் நடை: வெற்றிக் களிப்பில் பொங்கும் அமெரிக்கப் படைகள், பசியில் வாடிக் களைத்துப்போன கைதிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து வருகின்றன என்கிற மாதிரி. மேலே படத்தில் கொட்டுகிற மழை. பிடித்தவனும் பிடிபட்டவனும் ஒரே மாதிரித் தலை தொங்கி, ஒரே மாதிரிக் கால் இழுத்து நடக்கிறார்கள். யார் வென்றவன் என்று சட்டென்று தெரியாது. கார்கில் சண்டை நடந்த 1999இல் அந்தக் களிப்புத் தலைப்புகளை இதே கையால் புரோமைடு தாளில் எடுத்து, வெட்டிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், கதிர். ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அங்கே மலைமேல் நின்ற பையனுக்கு அன்று எத்தனை நாள் தூக்கமில்லையோ என்று ஒருநாளும் தோன்றவில்லை. நீ சீருடை போட்ட பிறகுதான் தோன்றுகிறது.

ஜெனரல் பாட்டன் என்ற அமெரிக்கத் தளபதிக்கு இந்தத் தாடியும் சேறும் கட்டோடு பிடிக்கவில்லை. சிப்பாய் இப்படி இருந்தால் ஒழுங்கு என்னாவது என்று 1945 மார்ச்சில் லக்சம்பர்க்கில் மால்டினை நேரிலேயே அழைத்துக் கடிந்துகொண்டார். ஒரு சார்ஜெண்ட் மூன்று நட்சத்திரத் தளபதியின் முன்னால் நின்றால் கால் நடுங்காதா? ஆனால் வில்லிக்கும் ஜோவுக்கும் அவன் முகச்சவரம் செய்துவிடவில்லை. அவருக்கும் மேலே தலைமைத் தளபதியாக இருந்த ஐசன்ஹோவர், பத்திரிகையில் கை வைக்க வேண்டாம் என்ற பக்கமே நின்றார். எல்லாக் காலத்திலும் அப்படி நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1954இல் அதே பத்திரிகையின் டோக்கியோ பதிப்பு 'பீட்டில் பெய்லி' படக்கதையை நிறுத்தியது, அதிகாரிகள் மேல் மரியாதை குறைந்துவிடும் என்று. ஒரு சோம்பேறிச் சிப்பாயின் கதை, அவ்வளவுதான். அதற்கே பயந்தார்கள் என்றால் மால்டினின் கோடு எவ்வளவு கனம் தாங்கியிருக்கிறது என்று புரிகிறது.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். 'யாங்க்' என்று சிப்பாய்களே எழுதி நடத்திய வாரப் பத்திரிகையில் ஜார்ஜ் பேக்கர் என்ற சார்ஜெண்ட், வார்த்தையே இல்லாமல், எது செய்தாலும் அடிவாங்குகிற ஒரு அப்பாவிச் சிப்பாயை வரைந்தார். மில்டன் கேனிஃப் உடல்நிலையால் படையில் சேர முடியாதவர். முகாம் பத்திரிகைகளுக்கு வாராவாரம் காசு வாங்காமல் படக்கதை போட்டுக்கொடுத்தார். இவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போரில் சிப்பாய் எழுதுகிற கடிதத்தை அவனுடைய அதிகாரி படித்துப் பார்த்து, கூடாததை அடித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். அது ஒரு தணிக்கை. அதற்கு முன்னாலேயே சிப்பாய் தன் கடிதத்தைத் தானே தணிக்கை செய்திருப்பான், அம்மா அழுவாளே என்று. இரண்டு தணிக்கையும் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்னவாக இருக்கும்? 'நலம்.' அந்த ஒரு சொல்தான். 1944இல் எர்னி பைல் என்ற போர் நிருபர் மால்டினைப் பற்றி எழுதினார். அதன்பின் அவன் படங்கள் அமெரிக்கா முழுக்க ஊர்ப் பத்திரிகைகளில் வர ஆரம்பித்தன. கடிதத்தில் இல்லாதது படத்தில் இருந்தது. ஓகோ, என் பிள்ளை இப்படி ஈரத்தில்தான் படுத்திருக்கிறான், இவ்வளவு களைத்திருக்கிறான், இன்னமும் பக்கத்தில் இருப்பவனோடு பேசிச் சிரிக்கிறான் என்று ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். அந்த வீடுகளில் ஒன்றில் நான் இருந்திருந்தால், அந்தப் படம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். தெரியாத கஷ்டத்தை மனம் பத்து மடங்காக்கிக்கொள்கிறது, தம்பி. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நான் கற்பனை செய்கிறவற்றை உன்னிடம் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய்.

மால்டினின் கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் வந்து கலிஃபோர்னியாவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் படுக்கையில் கிடந்தார். 2002இல் செய்தி பரவியதும் பழைய சிப்பாய்கள் எழுத ஆரம்பித்தார்கள். 10,000க்கும் மேல் கடிதங்கள். எண்பதைத் தொட்டவர்கள் நேரிலேயே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்கள். இன்ன மலையில், இன்ன மழையில், உன் படத்தைப் பார்த்துச் சிரித்தேன், அதனால் மறுநாளும் எழுந்து நடந்தேன் என்று பேசாத மனிதரிடம் பேசிவிட்டுப் போனார்கள். 2003 ஜனவரி 22இல் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாயை வரைந்த சார்லஸ் ஷுல்ட்ஸும் அந்தப் போரில் இருந்தவர்தான். நவம்பர் 11ஆம் தேதி வந்தால் ஸ்னூப்பி பட்டாளத்து உடுப்பு மாட்டிக்கொண்டு மால்டின் வீட்டுக்கு ரூட் பியர் என்கிற குளிர்பானம் குடிக்கப் போகிறதாக வரைவார். உன் ஏழு வயது டிஃபன் பாக்ஸில் ஒட்டியிருந்த அதே நாய்.

உன் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஓரமெல்லாம் படம். சைக்கிள் கடைத் தாத்தா, மூக்கைப் பொத்திக்கொண்டு கீழ்ப்பாலம் தாண்டுகிற டீச்சர், ராத்திரி ஷிப்ட் முடித்துத் திண்ணையில் செருப்போடு தூங்குகிற நான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உன் அம்மா ஷிப்ட் மாற்றிக் கேட்கச் சொன்னாள். களைப்பாக இருக்கிறது என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ வரைந்து காட்டிவிட்டாய்.

தமிழ் தெரிந்தவர்களும் தேவை என்று அமெரிக்க ராணுவம் பட்டியல் போட்டபோது நீ சேர்ந்தாய். சேர்ந்தது முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய். 'நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டேன்ப்பா, குளிர்தான் கொஞ்சம்.' போன மாதம் வீடியோவில் உன் கண்ணுக்குக் கீழே நான் பார்த்தது வில்லியின் கண்ணுக்குக் கீழே இருப்பதுதான். கேட்டதற்கு நைட் டியூட்டி என்றாய். இருக்கலாம். சொல்லக்கூடாத விஷயங்கள் உன் வேலையில் உண்டு என்று எனக்குத் தெரியும், அவற்றை நான் கேட்கவில்லை. எந்த இடம், என்ன வேலை, எத்தனை பேர் ஒன்றும் வேண்டாம். உன் பூட்ஸ் எப்படி இருக்கிறது, உன் கட்டிலுக்கு எதிரே என்ன இருக்கிறது, பக்கத்துக் கட்டில் பையன் எப்படிக் குறட்டை விடுகிறான், இரண்டு மணிக்குக் காவல் நிற்கும்போது உன் முகம் எப்படி இருக்கும், அதை வரை.

இந்த உறையில் நாலு வெள்ளைத் தாள் மடித்து வைத்திருக்கிறேன். அச்சு பிளாக்குக்குப் படம் வரைகிறவர்கள் அந்தக் காலத்தில் கேட்கிற வழவழப்புத் தாள், கடையில் தேடித்தான் வாங்கினேன். கறுப்பு இங்க்கில் போடு, பென்சில் வேண்டாம், தபாலில் அழிந்துவிடும். அம்மாவுக்குக் காட்டலாம் என்றால் அப்படியே அனுப்பு. எனக்கு மட்டும் என்றால் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வை. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, பார்த்துக்கொள்வேன்.

அப்பா